மூன்றாவது பெடல்

பழைய கார் வேலையில் இருப்பவர்கள் யாரும் "முடிஞ்சிருச்சு" என்று சத்தமாகச் சொல்ல மாட்டோம். வண்டியின் காதில் விழுந்துவிடும் என்பது உங்களில் அடிபட்டவர்களுக்குத் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான், மெக்கானிக்கல் படித்தேன். திண்டுக்கல்லில் அருள் அண்ணனின் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. "இந்த ஒரு வண்டிய நீயா முடி, உன்னைய நிரந்தரமா வச்சுக்கிறேன்" என்று அவர் ஒரு காரைக் காட்டினார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தொட்டால் விட்டுவிடும்

அது தோல் வியாபாரி ஜமால் பாயின் பழைய வெளிநாட்டுக் கார். பாதி ஆட்டோமேட்டிக். கிளட்ச் பெடல் கிடையாது. கியர் ராடில் கை பட்டாலே கிளட்ச் தானாக விலகும், கையை எடுத்தால் பிடித்துக்கொள்ளும். பாய்க்கோ பேச்சு சுவாரசியத்தில் கையை ராடின் மேல் வைத்துக்கொள்ளும் பழக்கம். வைத்ததும் இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி இழுக்காது. ஒட்டன்சத்திரம் ரோட்டில் பின்னால் வரும் காய்கறி லாரிகள் ஹாரனாலேயே இவரைத் தள்ளிக்கொண்டு போகும்.

"கைய எடுத்துட்டாப் போதுமே பாய்" என்றேன், நல்லெண்ணத்தில்.

"கையக் கட்டிக்கிட்டு ஓட்ட நான் என்ன பள்ளிக்கூடத்துலயாம்மா உக்காந்திருக்கேன்? மத்த வண்டி மாதிரி கிளட்ச் மிதி வச்சுக் குடு!"

பிரியாணி டப்பாக்கள்

கியர்பாக்ஸை மாற்ற வேண்டும், மூன்றாவது பெடலைப் பொருத்த வேண்டும், அதிலிருந்து பின்னால் இருக்கும் இன்ஜின் வரை கேபிளுக்கு வழி செய்ய வேண்டும். பயத்தில் நான் எதையும் தூக்கிப் போடவில்லை. கழற்றிய ஒவ்வொரு திருகையும் கழுவிய பிரியாணி பார்சல் டப்பாவில் போட்டு, பெயர் எழுதி ஒட்டினேன். பதினேழு டப்பா சேர்ந்தது. அருள் அண்ணன் அடுக்கைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"ஏம்மா, கியர்பாக்ஸ் மாத்துறியா, பொண்ணுக்குச் சீர் கட்டுறியா?"

ஒரு கால் குறைவு

அண்ணன் ஓட்டிப் பார்த்தார். வண்டி வெண்ணெயாகப் போனது. மறுநாள் சாணார்பட்டியில் அண்ணனின் நெல் களத்தில் வைத்துப் பாயிடம் சாவியைக் கொடுத்தோம். அங்கேதான் நான் கணக்கில் எடுக்காதது தெரிந்தது. இருபது வருஷமாக இந்த ஒரு காரை மட்டுமே ஓட்டிய பாய்க்கு இடது கால் என்று ஒன்று இருப்பதே நினைவில்லை. கை ராடுக்குப் போகும், கால் சும்மா இருக்கும், கியர் பல்லை நறநறவென்று கடிக்கும். வண்டி தவளை மாதிரி நாலு தாவு தாவி அணைந்தது.

வியர்வையைத் துடைத்துக்கொண்டே பாய் கேட்டார்: "பழையபடியே மாத்திர முடியுமா?"

முடியாது என்று சொல்லியிருந்தால் வேலை தப்பியிருக்கும். எனக்குப் பொய் வரவில்லை. "முடியும் பாய். ஒரு திருகுகூடத் தொலையல." அருள் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் களத்தில் கிடந்த நெல்லே பொரிந்திருக்கும்.

"செத்த நேரம் நீ ஓட்டும்மா, கால் எப்பிடிப் போகுதுன்னு பாக்குறேன்" என்றார் பாய்.

அடுத்த உண்மையும் வெளியே வந்தது. எங்கள் வீட்டில் கார் என்றால் கல்யாணத்துக்கு வாடகைக்கு வருவது. "எனக்குக் கார் ஓட்டத் தெரியாது பாய்."

பாய் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துச் சிரித்தார். நெற்றி பட்டு ஹாரனும் சேர்ந்து அடித்தது.

"யா அல்லா! ஓட்டத் தெரியாத பிள்ள வச்ச கிளட்சா இம்புட்டு நல்லாப் பிடிக்குது? ஏறும்மா, யாரு முந்திக் கத்துக்கிறான்னு பாத்துருவோம்!"

எட்டாம் நாள்

தினமும் காலையில் களத்தில் மாறி மாறி ஓட்டினோம், பின்சீட்டில் அருள் அண்ணன் கம்பியைப் பிடித்தபடி, "கிளட்ச்சு! ஏலே, ரெண்டு பேரும் கிளட்ச்சு!" என்று கத்திக்கொண்டே வந்தார். மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் இல்லாததால் நான் மூன்று நாளில் தேறினேன். பாய் பொறாமையில் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகூட இடது காலை அமுக்கிப் பழகினாராம்.

எட்டாம் நாள் பாய் மட்டும் தனியாக ஒட்டன்சத்திரம் போய்த் திரும்பினார். ஒர்க்‌ஷாப்புக்குள் வளைந்து வரும்போது வலது கை ஸ்டியரிங்கில், இடது கை கியர் ராடின் மேல் சொகுசாகக் கிடந்தது. முகமெல்லாம் பல்.

"போக வரக் கையை எடுக்கவே இல்லம்மா. வண்டி கண்டுக்கவே இல்ல!"

அருள் அண்ணன் பதினேழு டப்பாவையும் பரணில் ஏற்றச் சொன்னார். எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, ஓட்டுநர் உரிமம்தான் இன்னும் வரவில்லை.