பகடை விழுந்தால் சரி

கடலூரில் என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் நாலு பேர் ஒரு கதை விளையாட்டு விளையாடுவோம். கதை சொல்வது நான். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகி, அடுத்து என்ன செய்வார்கள் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாரமும் கதையைத் தயார் செய்வதும் என் தலையில்தான். எனக்குக் கற்பனை மட்டு. ஆகவே நடக்கக்கூடிய இருபது விஷயங்களை எழுதிக்கொண்டு இருபது முகப் பகடையை உருட்டுவேன். எது விழுகிறதோ அதுதான் கதை. பிடிக்கவில்லை என்று மறுபடி உருட்டுகிற பழக்கம் கிடையாது. இதில் எனக்குத் திமிர் வேறு. பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து விளையாட வரும் என் மனைவியின் தம்பியிடமும் பீற்றினேன். அவர்கள் வீட்டில் பெண் எடுப்பது, மனை வாங்குவது எல்லாமே பூ போட்டுப் பார்த்துத்தான். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வந்த பூவுக்கு அப்பால் பேச்சில்லை. கதையை நான் முடிவு செய்யவில்லை, பகடைதான் செய்தது என்றால் அவனுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்?

கதையில் அவன் படகுக்காரன். ஒரு வாரம், படகுக்காரன் வீட்டுக் கிணறு உப்பாகிப்போனது என்று விழுந்தது. அடுத்த மாதமே அவன் வீட்டு போர் தண்ணீர் கரித்தது. உங்கள் பக்கம் யார் வீட்டு போர்தான் கரிக்கவில்லை என்று கிண்டல் செய்தேன். அவன் சிரிக்கவில்லை. பிறகொரு வாரம், ஆற்றுக்குப் போன படகுக்காரன் மனைவி திரும்பவில்லை என்று விழுந்தது. அவன் மனைவிக்கு அப்போது நிறைமாதம். மாற்றாமல் அப்படியே சொன்னேன். அன்று முழுக்க அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரசவத்தன்று ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டான். குழந்தைக்குத் துடிப்பு குறைகிறதாம், உடனே ஆபரேஷன் செய்யக் கையெழுத்துக் கேட்கிறார்களாம். இன்னும் போடவில்லை என்றான்.

"ஒரே ஒரு தடவ உருட்டிச் சொல்லுங்க மாமா. போட்டுடறேன்."

திட்டினாலும் ஏறும் நிலையில் அவன் இல்லை. பகடையை மேஜைமேல் போட்டேன். எந்த எண் என்று பார்க்கக்கூட இல்லை. ஆபரேஷன்தான் வந்திருக்கிறது, கையெழுத்துப் போடு என்றேன். போட்டான். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அதற்குப் பிறகு வேலை மாறலாமா, வண்டி விற்கலாமா, எல்லாவற்றுக்கும் போன். பயந்துபோய் விளையாட்டையே நிறுத்தினேன். அன்றைக்கு நான் எண்ணைப் பார்க்கவே இல்லையடா என்று உண்மையையும் சொல்லிவிட்டேன்.

"நீங்க பாக்கலன்னா என்ன மாமா, அது வுழுந்துச்சுல்ல" என்றான்.

போன வாரம் காலையில் மறுபடி கூப்பிட்டான். குழந்தைக்கு முந்தின நாளிலிருந்து காய்ச்சல் இறங்கவில்லை, பால் குடிக்கவில்லை, கண்ணே திறக்கவில்லை. டாக்டரிடம் போகலாமா, வேண்டாமா என்று கேட்டான். உடனே தூக்கிக்கொண்டு ஓடு என்று கத்தினேன்.

"உருட்டுன சத்தம் கேக்கலயே, மாமா" என்றான்.