ஹைக்கேயின் அண்டா

நான் பிழைக்க வந்த கிழக்கு ஜெர்மனிச் சிற்றூரில் ஓசிச் சாப்பாட்டுக்கு யாரும் முண்டியடிப்பதில்லை. போன கோடையில் சந்தைத் திடலில் அண்டா நிறையப் பட்டாணி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. முதல் ஆளாகப் போக எல்லோருக்கும் கூச்சம். நானோ பழனிக்காரி, அண்டாவைக் கண்டால் கால் நிற்காது. தைப்பூசத்துக்கு நடந்து வருகிறவர்களுக்கு எங்கள் தெருவில் பந்தல் போட்டுச் சோறு போடுவோம். வாங்காமல் போனால் போடுகிறவர் முகம் வாடிவிடும். மகள் மீனாவையும் இழுத்துக்கொண்டு போய் நின்றேன்.

கரண்டியோடு நின்றவள் எங்கள் மாடிவீட்டு ஹைக்கே. என்னைக் கண்டதும் தயங்கினாள்.

"இது எங்க ஆளுங்களுக்கு..."

"நாங்க உங்க கீழ்வீடுதானே!" என்று கிண்ணத்தை நீட்டினேன். ஊற்றிவிட்டாள்.

அடுத்த கூத்து அதற்குப் பிறகுதான். பந்தலில் சாப்பிட்டு எழுந்தவர் கொஞ்ச நேரம் பரிமாறிவிட்டுப் போவது எங்கள் வழக்கம். வியர்த்து வழிந்த ஹைக்கேயை உட்காரச் சொல்லிக் கரண்டியை வாங்கிக்கொண்டேன். எங்களைப் பார்த்துப் பின்னால் சேர்ந்திருந்த வரிசை திகைத்தது. ஒரு பெரியவர் மட்டும், "அடியிலேர்ந்து கெட்டியா ஊத்தும்மா" என்றார். திடலின் மேடையில் கிதார் வாசிப்பு சட்டென்று நின்றது. அப்போதுதான் மேடையில் கட்டியிருந்த துணிப் பதாகையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். எங்களைப் போன்றவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லும் கூட்டத்தாரின் குடும்ப விழா அது!

வெறுப்பு என்றால் மொட்டைத் தலையும் பூட்ஸுமாக முறைத்துக்கொண்டு வரும் என்று எண்ணியிருந்தேன். இதுவோ தேய்த்த சட்டை போட்டு, கயிறிழுக்கும் போட்டி வைத்து, பிள்ளைகள் கன்னத்தில் பட்டாம்பூச்சி வரைந்துகொண்டிருந்தது. மறுநாள் மீனா அவர்கள் பாட்டின் மெட்டை முணுமுணுத்தாள்.

"வார்த்தை அவளுக்குப் புரியறதுக்குள்ள வேற ஊருக்குப் போயிடலாம்" என்றார் என் வீட்டுக்காரர். பழனியிலிருந்து அண்ணன் போனில், "ஏத்தா, அங்க என்ன சோலி? வெரசா கெளம்பி வா. பள்ளங்கியில நம்ம தோட்டம் சும்மாதான் கெடக்கு" என்றான். பரணிலிருந்து பெட்டிகள் இறங்கின.

அந்த வாரமே ஹைக்கே கதவைத் தட்டினாள். பக்கத்தில் அதே அண்டா.

"இங்க இருந்த சிறுவர் மன்றத்தை மூடிட்டாங்க. பிள்ளைகளுக்குப் பாட்டு, விளையாட்டு எல்லாம் இப்ப அந்தக் கூட்டத்தார்தான் நடத்துறாங்க. அதனால சூப் வெச்சேன். அவங்க பேச்சைக் காதுல வாங்கல."

"வாங்கியிருக்கணும் ஹைக்கே."

"ஆமா." அண்டாவை என் பக்கம் நகர்த்தினாள்: "அண்டா என்னோடது. திருப்பி எடுத்துட்டு வந்துட்டேன். உங்க ஊர்ல இதுல என்ன செய்வீங்க?"

இப்போது மாதம் ஒருநாள் தீயணைப்பு நிலைய முற்றத்தில் எங்கள் வரிசை நிற்கிறது. அவள் சூப், என் சாம்பார் சாதம், பிள்ளைகளுக்குக் கயிறிழுக்கும் போட்டி. அவர்கள் விழாவும் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் கெட்டி சூப் கேட்ட பெரியவர் எங்கள் பக்கம் வந்துவிட்டார். பெட்டிகள் பரணுக்குத் திரும்பின.

ஒரு அண்டா போதாமல், விடுப்பில் வந்த இடத்தில் பழனி பஜாரில் ஒரு குண்டான் வாங்கினேன். பேர் வெட்டும் மிஷினைக் கையில் எடுத்தார் கடைக்கார பாய்.

"யார் பேருங்க?"

"ஹைக்கே, செல்வின்னு எங்க ரெண்டு பேர் பேரையும் போடுங்க."

"ஹைக்கேயா? சம்பந்தி வீடுங்களா?"

"மாடிவீடுங்க பாய்."

சிரித்துக்கொண்டே வெட்டி முடித்தார். "ஊரு பேரு?"

வாயைத் திறந்தேன். இரண்டு ஊரும் ஒன்றாக நாக்கில் வந்து நின்றன.

"கொஞ்சம் இடம் விட்டுருங்க பாய்."

குண்டான் இப்போது விமானத்துக்குத் துணி சுற்றித் தயாராக இருக்கிறது. உள்ளே ஹைக்கேக்குப் பஞ்சாமிர்த டப்பாக்கள். வெளியே இரண்டு பெயர்கள். பக்கத்தில் ஒரு விரற்கடை வெறும் பளபளப்பு.