திமிங்கலச் சுறாவுக்கு முன்னால் போய் நின்ற என் வீட்டுக்காரர்

நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் லீவு கிடைத்தால் எங்கே போவது என்பதெல்லாம் ஏற்கெனவே முடிவான விஷயம். மே மாதம் என்றால் ஊட்டி, கொடைக்கானல். டிசம்பர் என்றால் கன்னியாகுமரி வரைக்கும் கோயில் கோயிலாக ஒரு வேன். இருபது வருடமாக நானும் அந்த வேனின் கடைசி சீட்டில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு போய் வந்திருக்கிறேன். போன வருடம் மகனைக் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, இந்தத் தடவை நான் சொல்கிற இடத்துக்குத்தான் போகிறோம் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். எங்கே என்றார். திமிங்கலச் சுறாவோடு நீந்தப் போகிறோம் என்றேன். அவர் புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

"ஜுரம் ஒண்ணும் இல்லியே."

"கிண்டல் பண்ணிக்கினே இருங்க. டிக்கெட் போட்டா தெரியும்."

என்னைப் பற்றி இரண்டு வரி. பிறந்தது காடாம்புலியூர். முந்திரிக்காட்டில் வளர்ந்தவளுக்குக் கடல் என்றால் கடலூர் சில்வர் பீச்சில் முழங்கால் அளவுத் தண்ணீர், அவ்வளவுதான். இப்போது வடலூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை. வீட்டுக்காரர் நெய்வேலி குவார்ட்டர்ஸிலேயே பிறந்து வளர்ந்தவர். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டை இடம் மாற்றும் கேங்கில் இருபத்திரண்டு வருட சர்வீஸ். டோசர், டம்பர் என்று ஒரு வீட்டளவு பெரிய இயந்திரங்களுக்கு நடுவில்தான் அவருடைய எட்டு மணி நேரம் போகும். மீன் என்றால் அவருக்குக் குழம்பு.

திமிங்கலச் சுறாவை ஒரு நாள் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் போனில் பார்த்தேன். பெயரில்தான் திமிங்கலமும் சுறாவும். நிஜத்தில் அது ஒரு சாதுவான மீன். ஒரு மினி பஸ் நீளம் இருந்துகொண்டு கண்ணுக்குத் தெரியாத பொடி உயிர்களைத் தின்று வாழ்கிறது. முதுகு முழுக்க வெள்ளைப் புள்ளி. அதற்குப் பக்கத்தில் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், மூஞ்சியில் கண்ணாடியும் வாயில் குழாயும் மாட்டிக்கொண்டு நிதானமாக நீந்திப் போகிறாள். அன்று இரவு சோறு இறங்கவில்லை. எனக்கு அது வேண்டும் என்று தோன்றிவிட்டது. சேலைக்கும் நகைக்கும்கூட நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

இனி, போக நினைப்பவர்களுக்கான விவரம். நம் ஊரிலிருந்து போவதற்கு வசதியானது மாலத்தீவு. அங்கே தெற்கு அரி அட்டோல் என்ற தீவுக் கூட்டத்தின் ஓரமாக இந்த மீன் வருடம் முழுக்கத் திரிகிறது என்கிறார்கள். கடல் அமைதியாக இருக்கும் மாதங்கள் வேண்டும் என்பதால் பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்தோம். மாலத்தீவு என்றதும் தண்ணீர் மேல் கட்டின அறை, லட்ச ரூபாய் பில் என்று பயந்துவிடாதீர்கள். அது ரிசார்ட் தீவுகளில். மக்கள் வாழும் தீவுகளில் சாதாரண விருந்தினர் விடுதிகள் இருக்கின்றன. நாங்கள் திகுரா என்ற தீவில் தங்கினோம். காலைச் சாப்பாட்டோடு அறைக்கு ஒரு இரவு 5,600 ரூபாய். இந்தியர்களுக்கு விசா போய் இறங்கியதும் தருகிறார்கள். திரும்பி வரும் டிக்கெட்டும் அறை பதிவும் கையில் இருக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் ஆன்லைனில் விவரம் பதிய வேண்டும்.

அடுத்தது நீச்சல். டவுன்ஷிப் குளத்தில் பெண்களுக்கான நேரத்தில் ஆறு மாதம் போனேன். நாற்பத்து நான்கு வயதில், பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில், கம்பியைப் பிடித்துக்கொண்டு காலடித்தேன். முதல் மாதம் குடித்த தண்ணீருக்கே குளத்தில் மட்டம் இறங்கியிருக்கும். பிள்ளைகள் சிரித்தார்கள். முன் வைத்த காலைப் பின் வைக்க மாட்டேன் என்று இருந்துவிட்டேன். டிசம்பரில் குளத்தின் அந்தக் கரையைத் தொட்டபோது அதே பிள்ளைகள் கைதட்டினார்கள். வீட்டுக்காரர் சின்ன வயதிலேயே கிணற்றில் குதித்துக் கற்றவர். அவருக்கு இந்தக் கஷ்டம் எல்லாம் இல்லை.

வழிகாட்டியைத் தேடும்போது நான் கேட்ட ஒரே கேள்வி, தமிழ் தெரிந்த ஆள் உண்டா என்பது. பயந்த நேரத்தில் எனக்கு இங்கிலீஷ் வராது. அப்படிக் கிடைத்தவர்தான் அந்தோணி. தூத்துக்குடிக்காரர், அங்கே ஒரு படகு நிறுவனத்தில் வழிகாட்டியாக இருக்கிறார். வாட்ஸ்அப்பில் அவர் முதலிலேயே சொல்லிவிட்டார்: "யக்கா, மீனு வந்தா வரும், வரலன்னா வராது. துட்டு திரும்பக் கிடைக்காது, பாத்துக்கிடுங்க." ஆளுக்கு 6,800 ரூபாய். படகு, கண்ணாடி, குழாய், துடுப்புக் காலணி, மதியச் சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். எங்களால் ஒரு நாள்தான் கடலுக்குப் போக முடியும். வீட்டுக்காரருக்குக் கிடைத்த லீவு, வார ஓய்வோடு சேர்த்து அவ்வளவுதான். திங்கட்கிழமை ஃபர்ஸ்ட் ஷிஃப்டில் நின்றாக வேண்டும். ஆக, அந்த ஒரு நாளில் மீன் வந்தால் உண்டு, இல்லையென்றால் கடலில் கரைத்த பெருங்காயம்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். பண்ருட்டி, விழுப்புரம், திண்டிவனம் வழியாகச் சென்னை விமான நிலையம் 190 கிலோமீட்டர், வாடகை 5,500. விமானம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், போக வர ஆளுக்கு 21,000. தலைநகர் மாலேயில் விமான நிலையத்துக்கு வெளியே வந்தால் ஆட்டோ ஸ்டாண்ட் இருக்க வேண்டிய இடத்தில் படகுத்துறை இருக்கிறது! அங்கிருந்து ஸ்பீடு போட்டில் இரண்டு மணி நேரம், ஒரு தடவைக்கு ஆளுக்கு 4,700. அலையில் தூக்கித் தூக்கிப் போட்டது. எலுமிச்சம்பழம் இங்கேயும் வேலைக்கு வந்தது. தீவில் இறங்கியதும் நான் வெள்ளை மணலையும் நீலத்தையும் பார்த்து வாயைப் பிளந்தேன். வீட்டுக்காரர், இந்தத் தீவில் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று விடுதிக்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் படகு. எங்களைத் தவிர ஒரு பெங்களூர் ஜோடி, ஜெர்மனியிலிருந்து ஒரு தாயும் மகளும். அந்தோணி எல்லாரையும் உட்கார வைத்து இங்கிலீஷில் சொன்னதை எங்களுக்குத் தனியாகத் தமிழிலும் சொன்னார்.

"எங்க ஊர்ப்பக்கம் இத அம்மிணி உழுவைனு சொல்லுவோம். ஒண்ணும் செய்யாது. நாமதான் ஒழுங்கா இருக்கணும். தொடக்கூடாது. உடம்புல இருந்து மூணு மீட்டர், வாலுல இருந்து நாலு மீட்டர் தள்ளி நிக்கணும். முக்கியமா, முன்னால போவக்கூடாது. சைடுல, சைடுல மட்டும். முன்னால போனியன்னா அது கீழ எறங்கிரும், பெறவு கெடைக்காது."

வீட்டுக்காரர் சமர்த்தாகத் தலையாட்டினார்.

படகின் மேல்தளத்தில் ஒருவர் நின்று தண்ணீரில் நிழல் தேடிக்கொண்டே வந்தார். ஒன்றரை மணி நேரம் எதுவும் இல்லை. ஆமை தெரிந்தது. டால்பின் கூட்டம் ஒன்று துள்ளிக்கொண்டு போனது. வேறு நாளாக இருந்தால் அதற்கே நான் குதித்திருப்பேன். அன்று டால்பின் எனக்கு வழியில் நின்ற கூட்டமாகத்தான் தெரிந்தது. பத்தே முக்கால் இருக்கும், மேலே இருந்தவர் கத்தினார். இன்ஜின் அடங்கியது. "கண்ணாடிய மாட்டுங்க! எறங்குங்க, எறங்குங்க!" என்று அந்தோணி குதித்தார். நான் முருகா என்று கத்திக்கொண்டே குதித்தேன்.

தண்ணீருக்குள் முகத்தை வைத்ததும் முதலில் வெறும் நீலம். பிறகு அந்த நீலத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ அசைந்தது. அதுதான்! அகலத் தலை, அதற்குப் பின்னால் முடியவே முடியாத உடம்பு. வாய்க்குள் குழாயை வைத்துக்கொண்டே ஐயோ ஐயோ என்று கத்தினேன். இன்னும் பக்கத்தில் போகலாம் என்று காலடித்தபோது, என் வலது பக்கத்திலிருந்து ஓர் ஆள் விருட்டென்று என்னைக் கடந்து, மீனின் மூஞ்சிக்கு நேர் எதிரே போய், கையை அகல விரித்துக்கொண்டு நின்றார். யார் என்று பார்த்தால் எங்கள் வீட்டுக்காரர்.

மீன் பதறவெல்லாம் இல்லை. தலையை மெல்லச் சாய்த்துக் கீழே இறங்கியது. புள்ளிகள் மங்கின. மறுபடியும் வெறும் நீலம். மொத்தமாக அரை நிமிடம் இருக்குமா? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

எல்லாரும் படகில் ஏறினோம். ஜெர்மன் அம்மா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே எங்கள் பக்கம் பார்க்காமல் இருந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"அவரு சைடுல சைடுலன்னு சொல்லிக்கினே இருந்தாரே, உங்க காதுல வுழலியா? ஆறு மாசம் தண்ணி குடிச்சிக்கினு நீச்சல் கத்தவ நானு!"

"காதுல விழுந்துச்சு. கால்தான் கேக்கல." அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. "வேணும்னு போகல. மைன்ஸ்ல அவ்வளவு பெருசா ஒண்ணு மூவ் ஆகுதுன்னா, ஆபரேட்டர் கண்ணுல படுற மாதிரி முன்னாடி போய் நிக்கணும். சைடுல நின்னா அவனுக்குத் தெரியாது. ஏத்திட்டுப் போயிடுவான். நீ வேற சைடுல இருந்த. அது உன்னப் பாக்கலன்னு நெனச்சேன்."

அந்தோணி முதலில் முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, இந்த வண்டிக்கு ஆபரேட்டர் நடுவுல இல்ல. கண்ணு ரெண்டும் ரெண்டு ஓரத்துல இருக்கு. முன்னால நின்னா ஒங்கள அதுக்குத் தெரியாது. சைடுல நின்னாத்தான் பாக்கும்." அதை இங்கிலீஷிலும் சொன்னார். ஜெர்மன் அம்மா கொஞ்சம் இளகினார். நான் இளகவில்லை.

மதியம் படகிலேயே சாப்பாடு: சோறு, சூரை மீன் குழம்பு, சப்பாத்தி. எனக்கு இறங்கவில்லை. மூன்று மணிக்குக் கரை திரும்ப வேண்டும். இரண்டு மணி ஆனது. இன்னும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பலாம் என்றார் அந்தோணி. அந்தச் சுற்றின் கடைசியில்தான் மேலே இருந்தவர் மறுபடி கத்தினார். நான் கண்ணாடியை மாட்டினேன். வீட்டுக்காரர் அசையவில்லை.

"நீ போயிட்டு வா. நான் எறங்கல. மறுபடி ஏதாச்சும் பண்ணி வச்சுடுவேன்."

இருங்கள் என்று சொல்லிவிட்டுக் குதித்தேன். கோபம்தான்.

இந்தத் தடவை அது மேலேயே மிதந்து வந்தது. நான் பக்கவாட்டில், அந்தோணி காட்டிய தூரத்தில். அது அவசரமே இல்லாமல் போனது. நான் மூச்சு வாங்க நீந்தினேன். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. காலையில் ஆசையில் தெரியாத பயம். எனக்குக் கீழே தரை இல்லை. பக்கத்தில் ஒரு மினி பஸ். அது சும்மா ஒரு பக்கம் திரும்பினால் நான் என்ன ஆவேன்? நான் இங்கே இருப்பது அதற்குத் தெரியுமா? அந்த நேரம் அதன் கண் என் பக்கம் திரும்பியது. கோலிக்குண்டு அளவு இருக்கும். அது என்னைப் பார்த்தது. பார்த்துவிட்டு, அதே வேகத்தில், அதே வழியில் போனது. பயம் அப்படியே வடிந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் ஏன் கையை விரித்துக்கொண்டு முன்னால் போய் நின்றார் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. அந்த மனுஷன் இருபத்திரண்டு வருடமாக ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் இந்தப் பயத்தோடுதான் வேலை பார்க்கிறார். வீட்டில் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. காலையில் அவர் நின்றது மீனைப் பார்க்க இல்லை. என்னை அது பார்க்க வேண்டுமே என்று.

தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கினேன். குழாயைத் துப்பினேன்.

"ஏங்க! குதிங்க! சைடுல வாங்க, என் சைடுல வாங்க!"

குதித்துவிட்டார். வந்ததும் அவர் கையைப் பிடித்து என் பக்கத்தில் நிறுத்தினேன். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தோம். மீன் இறங்கத் தொடங்கியிருந்தது. எனக்குக் கிடைத்தது வாலும் சில புள்ளிகளும்தான். அவருக்கும் அவ்வளவுதான் என்று நினைத்தேன். மேலே வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். கண் சிவந்திருந்தது, உப்புத் தண்ணீர் என்றார்.

"பாத்துச்சு. போறப்ப ஒரு தடவ என்னப் பாத்துச்சு."

படகில் எல்லாரும் கத்திக் கட்டிப்பிடித்துக்கொண்டோம். ஜெர்மன் அம்மா எங்களுக்கு பிஸ்கட் கொடுத்தார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முடிந்தால் கடலுக்கு இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். எங்களைப் போல் ஒரே நாளை நம்பிப் போகாதீர்கள். சுடிதார் தண்ணீரில் பாரமாக இழுக்கும். முழுக்கை நீச்சல் உடை வாங்கிக்கொள்ளுங்கள், கடலூரிலேயே 1,200 ரூபாய்க்குக் கிடைத்தது. குமட்டலுக்கான மாத்திரையைப் படகு ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போடுங்கள், இதை மருந்துக் கடைக்காரியாகச் சொல்கிறேன். நீச்சல் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு இறங்கலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வழிகாட்டி சொல்வதைக் காதால் மட்டும் கேட்டால் போதாது; கரையோரத் தண்ணீரிலேயே ஒரு தடவை நீந்திக் காட்டிப் பழகுங்கள்.

கடைசியாக ஒன்று. மீன் உங்கள் பக்கத்தில் இருக்கும், உங்கள் ஆள் படகில் உட்கார்ந்திருப்பார். அவரைக் கூப்பிட வேண்டுமானால் நீங்கள் தலையைத் தண்ணீருக்கு வெளியே தூக்கியாக வேண்டும். திரும்பிப் பார்ப்பதற்குள் மீன் போய்விடலாம். பரவாயில்லை, கூப்பிடுங்கள்.