பிசின் போட்ட ரொட்டி

யுத்த காலத்தில் எங்கள் கம்பம் ஊரில் அரிசி கண்ணில் படாமல் போய், ரேஷனில் கோதுமை வந்தது. எங்களில் யாருக்கும் அதைச் சமைக்கத் தெரியாது. திருகையில் திரித்து, கேப்பை ரொட்டி தட்டுவதுபோல் தட்டிச் சுட்டோம். சுடச்சுடத் தின்னலாம். மறுநாள் அதைக் கடிக்க வாயில் இருக்கிற பல் போதாது.

ஏலக்காய் எடுக்க மலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய தலைவலி. மழையில் மேலே விறகு பற்றாது; கொண்டுபோவதைத்தான் வைத்துத் தின்ன வேண்டும். எங்கள் கூட்டத்தை அழைத்துப்போகிறவள் என் நாத்தனார். அவள் வாய்க்கு ஊரே பயப்படும். போன தடவை என் ரொட்டி கல்லாகி, நான் மற்றவர்கள் சாப்பாட்டில் கைவைத்ததைச் சொல்லிக்காட்டினாள்.

"இந்தா புள்ள, மூணு நா முன்னாடியே சுட்டு வையி. பொறப்படுற அன்னைக்கு நான் மடிச்சுப் பாப்பேன். ஒடஞ்சா நீ வீட்ல கெட."

என் புருஷன் அந்த மலையிலேயே ஏலத் தோட்டக் காவலில் இருந்தார். மழைக்காலம் முழுக்கக் கீழே இறங்க மாட்டார். நான் மலையேறினால்தான் அவர் முகத்தைப் பார்க்கலாம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

உடம்புச் சூட்டுக்குக் கருவேலம் பிசினை ஊறவைத்துக் குடிப்போம். அப்படி ஊறவைத்து மறந்துபோன கிண்ணம் ஒன்று மாடத்தில் கிடந்தது. நாளாகியும் காயாமல் கொழகொழவென்று இருந்தது. தண்ணீரை இப்படிப் பிடித்துவைக்கிறதே, மாவிலும் பிடிக்காதா என்று தோன்றியது. முதல் தடவை முழுக் கிண்ணத்தையும் ஊற்றிப் பிசைந்துவிட்டேன். மாவு கையை விடவில்லை, கல்லை விடவில்லை, தின்றபோது பல்லையும் விடவில்லை. அடுத்த தடவை ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டேன்.

புறப்படுகிற அன்று, வீரபாண்டிக் கோயில் ஆத்தாளை மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டே துணியை அவிழ்த்தேன். நாத்தனார் ரொட்டியை இரண்டாக மடித்தாள். நான்காக மடித்தாள். மடிப்பை வேண்டுமென்றே நகத்தால் அழுத்தினாள். விரிசல்கூட விடவில்லை. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு மென்றாள்.

"என்னடீ மாயம் பண்ணுன? சரி சரி, சும்மாட்ட எடு. கெளம்பு."

மேலே, கொட்டும் மழையில், காவல் குடிசைக்குள் உட்கார்ந்து அவர் என் ரொட்டியைத் தின்றார். "வெறகே பத்தலியே, இம்புட்டு மெத்துன்னு எங்கன வச்சுச் சுட்ட?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் அவர் அக்காள் முந்திக்கொண்டாள்: "எல்லாம் நாஞ் சொல்லிக் குடுத்த பக்குவந்தாண்டா."

சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்தானே.