திரும்பி வந்த கைப்பிடி அரிசி

இந்த ஆடியில் குற்றாலம் போய் வந்தேன் என்றால், அருவியில் குளித்தாயா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அருவிச் சத்தத்தைக் கேட்டதோடு சரி. நான் போனது அதையும் தாண்டி, மலையடிவாரத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வேலைக்காரர்கள் குடியிருக்கும் சிற்றூருக்கு. அங்கே வாந்திபேதி. கடைக்காரர்கள் அந்த ஊர்க்காரர்களின் காசைக் கையால் தொடமாட்டேன் என்கிறார்கள் என்று தென்காசிக்குச் செய்தி வந்தது.

நம் வீடுகளில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் எடுத்துவைத்து ஞாயிறன்று சபைக்குக் கொடுக்கிறோமே, அது அந்த மாதம் ஒரு மூட்டை சேர்ந்திருந்தது. யுத்தத்தால் அரிசி முகத்தைக் காண்பதே அரிதான நேரம். சபையைக் கவனிக்கும் உபதேசியார் காய்ச்சலில் படுத்திருந்தார். கொண்டுபோவது யார் என்று மாதர் சங்கத்தில் கேட்டபோது எல்லாரும் குனிந்து பாயைப் பார்த்தார்கள். “நான் போகிறேன்” என்று சொன்னது என் வாய்தான். என் மகள் இன்னும் பால்குடி மறக்காதவள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மாட்டுவண்டியில் புறப்பட்டேன். குற்றாலம் மூன்று மைல், அங்கிருந்து இன்னும் இரண்டு மைல். போய்வர வழக்கமான வாடகை முக்கால் ரூபாய். வண்டிக்கார அண்ணாச்சி ஒன்றேகால் கேட்டார். கூடுதல் அரை ரூபாய் பயத்துக்கு. சாரல் முகத்தில் அடித்தது. வேறு நாளாக இருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

“டீச்சரம்மா, அந்தா தெரியுதுல்லா புளியமரம், அது வரைக்குந்தான். அதுக்கு அங்கிட்டு என் மாடு வராது” என்றார்.

“மாடு வராதா, நீங்க வரமாட்டீங்களா அண்ணாச்சி?”

“ரெண்டு பேருந்தான். எனக்கும் பிள்ளைக இருக்குல்லா.”

மரத்தடியில் இரண்டு பேர் வந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டார்கள். அப்படியே திரும்பிவிடலாம் என்று எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் அவர்களில் ஒருவர், “ஜெபம் பண்ணாமலா போறீங்க?” என்று கேட்டுவிட்டார். போனேன். வாசல்தோறும் வேப்பிலை செருகியிருந்தது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, எதையும் தொடாமல் நடந்தேன்.

முதல் வீடு நம் சபையைச் சேர்ந்த எஸ்தருடையது. கணவனை முந்தாநாள்தான் அடக்கம் பண்ணியிருந்தார்கள். மகன் பாயில் சுருண்டு கிடந்தான். பிழைத்துக்கொண்டான், இனிக் கஞ்சிதான் வேண்டும் என்றாள். அரிசியை அளந்து கொடுத்தேன். அவள் உலை வைத்தாள். அரிசியைக் களைவதற்கு முன் ஒரு பிடி அள்ளித் தனியே வைத்தாள். பிறகு அதை என்னிடம் நீட்டினாள்.

“இதச் சபைக் கலயத்துல போட்டுருங்க டீச்சர். மூணு வாரமா நான் போடல.”

“உனக்கே இல்லையே எஸ்தர். வேண்டாம்.”

“எனக்கு வந்துச்சுல்லா. இனி வேற யாருக்கோ வேணும்லா.”

நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நோயாளியைத் துடைத்த கை, ஈரமான கை. இந்தப் பிடி சபை அரிசியோடு கலந்து இன்னொரு ஏழை வீட்டு உலைக்குப் போகுமே என்று பயந்தேன். ஆனாலும் முந்தானையை விரித்து வாங்கி முடிந்துகொண்டேன். மற்ற வீடுகளில் என்ன ஜெபித்தேன் என்று நினைவில்லை.

திரும்பும் வழியில் சிற்றாற்றுப் பாலத்தில் அண்ணாச்சி வண்டியை நிறுத்தினார். முடிச்சில் என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். “ஆத்துல போட்டுருங்கம்மா. ஒங்க சாமி ஒண்ணும் சொல்லாது” என்றார். முடிச்சை அவிழ்த்துவிட்டேன். கீழே துறையில் பெண்கள் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள். மறுபடியும் முடிந்துகொண்டேன்.

வீட்டில் மகள் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். அவளைப் பிடித்துக்கொள்ளும்படி என் கணவரிடம் சொல்லிவிட்டு, கொல்லையில் குளித்தேன். சேலையை வெந்நீரில் போட்டேன். சபைக் கலயத்தில் எஸ்தர் பெயரால் எங்கள் வீட்டு அரிசியில் ஒரு பிடி போட்டேன். அவள் கொடுத்ததைக் கொல்லை அடுப்பில் குழையக் குழைய வேகவைத்தேன்.

“நம்ம அரிசியப் போட்டாச்சே. இதைப் புதைச்சிரக் கூடாதா?” என்று கணவர் கோபித்துக்கொண்டார். அது யாராவது பசியாற வேண்டும் என்று ஒருத்தி கொடுத்த அரிசி. அன்று காலையிலிருந்து பட்டினி கிடந்தவள் நான்தான். அந்தக் கஞ்சியைச் சுடச்சுடக் குடித்தேன். மூன்று நாள் மகளைத் தொடவில்லை, பால் கட்டி மார்பு வலித்தது. வயிற்றில் சின்னதாக இரைந்தால்கூட உயிர் போய் உயிர் வந்தது. ஒன்றும் ஆகவில்லை. எஸ்தரின் மகன் எழுந்து நடமாடுகிறான் என்று பிறகு செய்தி வந்தது.

அடுத்த மூட்டை தயாராகிறது. போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு வாரம் முன்பே ஊசி போட்டுக்கொள்ளுங்கள். கொதித்த தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். வண்டி புளியமரம் வரைதான். பயம் தெளிந்த பிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம், எனக்கு இன்னும் தெளியவில்லை. கையில் ஒரு சின்னப் பையும் இருக்கட்டும். வரும்போது அவர்கள் உங்களிடமும் ஒரு பிடி கொடுத்தனுப்புவார்கள்.