மாடி வீட்டுக்குத் திறந்த ஃபோல்டர்

குரோம்பேட்டையில் அப்போது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ். மாடி வீட்டு நண்பனுடையதில் விண்டோஸ். பால்கனி வழியாகக் கேபிள் இழுத்து இரண்டையும் இணைத்தோம். என் ஃபோல்டர் ஒன்றை அவன் அங்கே திறக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

அவன் கம்ப்யூட்டர் கூப்பிட்டால் என்னுடையது பதில் சொன்னது. ஃபோல்டரை மட்டும் காட்ட மறுத்தது. மணியடித்தால் "யாரு?" என்று கேட்டுவிட்டுக் கதவைத் திறக்காத வீடு மாதிரி. ஏன் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் பிடிபட்டது: லினக்ஸின் பாஸ்வேர்டு போதாது, ஃபோல்டரைப் பகிரும் சாம்பா என்ற மென்பொருளுக்குத் தனியாக இன்னொன்று வைக்க வேண்டுமாம். வைத்தேன்.

"மச்சான், தெரியுதுடா!" என்று மாடியிலிருந்து கத்தினான்.

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். "நம்ம போட்டோவெல்லாம் அவங்க பாப்பாங்களா?"

"நான் அந்த ஃபோல்டர்ல போடறத மட்டும்."

"அழிச்சிட்டா?"

"முடியாதும்மா. பாக்க மட்டும்தான் முடியும்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் வந்தாள்.

"அப்ப அக்கா கல்யாணத்துல நான் அட்டிகை போட்டிருந்த போட்டோவ அதுல போடு. கவரிங்னு சொன்னாளே அவன் அம்மா, பெருசாக்கிப் பாக்கட்டும்."