ஒற்றைப் படலத்தின் காந்தம்

என் மனைவி இயற்பியல் ஆராய்ச்சியாளர். சென்னையில் ஆய்வுக்கூட வேலை. சனிக்கிழமைகளில் வேங்கிக்கால் வீட்டுக்கு வந்துவிடுவாள். பௌர்ணமியாக இருந்தால் கிரிவலக் கூட்டத்தால் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வருவாள். நான் இங்கே கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். தன் வேலை எனக்கும் புரிய வேண்டும் என்பதில் அவளுக்குப் பிடிவாதம்.

ஒருநாள் பரோட்டாவைப் பிய்த்தபடி சொன்னாள்.

"எங்க படிகமும் இப்படித்தாங்க, அடுக்கடுக்கா இருக்கும். டேப் ஒட்டி உரிச்சிக்கிட்டே போனா கடைசியில ஒரே ஒரு படலம் மிஞ்சும். சூடா இருக்கறப்போ உள்ள இருக்கற குட்டிக் காந்தமெல்லாம் ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கிட்டு நிக்கும். குளிர வச்சா ஒரு கட்டத்துல சட்டுனு எல்லாம் ஒரே பக்கம் திரும்பிடும். ஒத்தப் படலத்துலயும் திரும்புமானு பாக்கணும்."

"திரும்பாதா?"

"வேற சில படிகத்துல பாத்துட்டாங்க. எங்களுதுல முடியாதுன்றாங்க. அவ்ளோ மெல்லிசா இருந்தா கொஞ்சம் சூட்டுக்கே கலைஞ்சிடுமாம். நான் நம்பல."

காற்றுப் பட்டால் அந்தப் படலம் கெட்டுவிடும். எத்தனையோ முறை கெட்டது. அவள் சலிக்காமல் மறுபடி உரித்தாள்.

பிறகு அவளுக்குச் சொற்கள் தப்பத் தொடங்கின. டம்ளரைக் காட்டி, "அது... அதை எடுங்க" என்பாள். மூளையில் கட்டி என்றார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவள் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் மறந்தாள். ஆய்வை அவளுடைய மாணவி தொடர்ந்தாள்.

ஒரு மத்தியானம் அந்த மாணவி போன் செய்தாள்.

"சார், திரும்பிடுச்சு. ஒத்தப் படலத்துலயே வந்துடுச்சு. படம் அனுப்பியிருக்கேன், மேடம் கிட்ட காட்டுங்க."

படத்தில், படுத்துக் கிடந்த கோடு குளிர் கூடிய ஓரிடத்தில் விருட்டென்று மேலே ஏறியிருந்தது. மனைவியிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"அழகா இருக்கு. யாரு செஞ்சாங்க?"

"நீதாம்மா செஞ்ச."

வேற்று மனிதரிடம் மரியாதைக்குச் சிரிப்பதுபோல் சிரித்தாள். "நான் இல்லீங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது."

போனில் மாணவி காத்திருந்தாள். "மேடம் என்ன சொன்னாங்க சார்?"

"ரொம்ப சந்தோஷப்பட்டாங்கம்மா" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

பொங்கலுக்கு முன்பே என் மனைவி போய்விட்டாள். கட்டுரை வெளிவந்தபோது முதல் பெயர் அவளுடையது. கல்லூரியில் எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வீட்டுக்கு வந்து அதை உரக்கப் படித்தேன். ஒரு வரி புரிந்தது. அடுத்த வரியில் ஒரு சந்தேகம் வந்தது. கேட்க ஆளில்லை.